ஆறு புள்ளிகளும் கல்லூரி வாயிலும்



கல்லூரியின் வரலாறு என்றால் கட்டடம் எழுந்த ஆண்டையும் முதல்வர்களின் பெயர்களையும் எடுத்துரைப்பது வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. கண் காணாதவரும் கால் வழங்காதவரும் கல்லூரி வாயிலைக் கடந்தது எவ்வாறு? கடந்தபின் உள்ளே அவர்களுக்குத் துணை நின்றது யாது? இவ்விரண்டனுள் பின்னைய வினாவே பெரிது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ஹெலன் கெல்லரை நீங்கள் அறிவீர்கள். பார்வையும் கேள்வியும் ஒருங்கே இழந்த அவர், ராட்கிளிஃப் கல்லூரியில் 1900-இல் சேர்ந்து 1904-இல் பட்டம் பெற்றார். வகுப்பில் பேராசிரியர் கூறியவற்றையெல்லாம் ஆசிரியை ஆன் சல்லிவன் அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். ஆயினும் நுழைவுத் தேர்வின்போது நேர்ந்த ஓர் இடர் பலர் அறியாதது. கெல்லர் அல்ஜீப்ரா பயின்றது ஆங்கிலேயப் பிரெயில் முறையில். 1899-இல் அவர் கைக்கு வந்த வினாத்தாளோ அமெரிக்கப் பிரெயில் முறையில் அமைந்திருந்தது. இரண்டிலும் கணக்குக் குறிகள் வேறு வேறு. தேர்வுக்கு இரண்டே நாள் இருக்கையில் அதனை அறிந்து, புதிய குறிகளைக் கற்கப் பெரிதும் உழைத்து, அவர் தேர்ச்சி பெற்றார். அறிவு இருந்தது, முயற்சி இருந்தது, எழுத்து ஒன்றாக இல்லாமையே தடையாய் நின்றது.

அத்தடை நம் நாட்டிலும் இருந்தது. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி கண்டார். நாட்டின் பிற பகுதிகளிலும் பள்ளிகள் எழுந்தன. ஆனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு பிரெயில் முறை வழங்கிற்று. ஒரு பள்ளியில் அச்சிட்ட நூல் மற்றொரு பள்ளிக்குப் பயன்படவில்லை. விடுதலைக்குப்பின், 1951-இல், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது.

இதன் அருமை எங்கள் குருபரப்பள்ளிக்காரருக்கு எளிதில் விளங்கும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் ஊர். இவ்வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும், பள்ளியில் தமிழும், எல்லை கடந்தால் கன்னடமும் பேசுவோர் பலர். கண்ணால் படிப்போர்க்கு இவை மூன்று எழுத்து வரிசைகள். விரலால் படிப்போர்க்கோ ககரம் மூன்று மொழியிலும் அதே இரு புள்ளி. மகரம் அதே மூன்று புள்ளி. தமிழின் ழகரத்திற்கும் றகரத்திற்கும் அதில் இடமுண்டு. ஆறு புள்ளிக்குள் மாநில எல்லையே மறைந்துவிடுகின்றது!

எழுத்து ஒன்றாயிற்று, எனினும் கல்லூரிக்குரிய நூல்கள் பிரெயிலில் அரியனவாகவே இருந்தன. நான் கல்லூரியிற் பயின்ற நாளில் பார்வையற்ற நண்பர் ஒருவர் எங்களுடன் படித்தார். மாலைதோறும் எங்களுள் ஒருவர் அவருக்குப் பாடம் வாசித்துக் காட்டுவோம். அவர் ஒருமுறை கேட்டால் மறவார். எங்கள் ஐயங்களை அவரே தீர்த்ததும் உண்டு. ஆனால் விடுமுறைக்கு நாங்கள் ஊர் சென்றால் அவருடைய படிப்பும் விடுமுறை கொண்டுவிடும். நண்பர்களின் அன்பு பெரிதுதான். அன்பை மட்டும் நம்பி ஒருவருடைய கல்வி நிற்பது முறையாகுமோ?

இவ்வினாவையே கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் சிலர் எழுப்பினர். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் அங்குச் சேர்ந்தபோது, தங்குவதற்கு இடமாகக் கிடைத்தது வளாகத்து மருத்துவமனையே. அவரும் தோழர்களும் தம்மை நோயாளிகளாகவன்றி மாணவர்களாக நடத்தவேண்டும் என்றனர். அம்முயற்சியின் பயனாக, உடல் ஊனமுற்ற மாணவர்க்கென ஒரு துணைப்பணித் திட்டம் 1970-இல் அங்கே தொடங்கிற்று. தமக்கு வேண்டும் உதவி யாது என்பதை மாணவரே முடிவு செய்தனர் என்பதே அதன் சிறப்பு.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுக் கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் நூற்றுக்கு 3 இடங்களை ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் அதனை 5 ஆக உயர்த்தியது; உடற்குறை வகைகளையும் 7-லிருந்து 21 ஆக விரித்தது. எழுதுகையில் கை பிடித்துக்கொள்ளும் குறையுடைய விகாஷ் குமார் என்பார் தொடுத்த வழக்கில், தேர்வில் தாம் சொல்ல மற்றொருவர் எழுதும் வசதி அவருக்கும் உரியதே என 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரவர்க்குத் தக்க ஏற்பாட்டைச் செய்து தருவது நிறுவனத்தின் கடமை என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து.

இன்று கணினியும் கைப்பேசியும் நூலைப் படித்துக் காட்டுகின்றன. என் நண்பர் எங்களுக்காகக் காத்திருந்த மாலைப் பொழுது இன்றைய மாணவர்க்கு வேண்டுவதில்லை. எனினும் சாய்தளம் இல்லாத நூலகம், மாடியிலேயே நடக்கும் வகுப்பு, படமாக மட்டும் எடுத்து அனுப்பப்பெறும் பாடக் குறிப்பு ஆகியவை சட்டத்தால் மட்டும் மறையா. ஒதுக்கப்பட்ட இடம் ஒருவரை வாயில்வரை கொண்டுவரும். வகுப்பறைவரை கொண்டு செல்ல வேண்டியது கல்லூரி.

மாணவர்களே, உங்கள் கல்லூரியில் சம வாய்ப்பு மையம் உள்ளதா என வினவுங்கள். அது திறந்திருக்கின்றதா என்பதையும் பாருங்கள். அருகில் அமர்ந்திருக்கும் தோழருக்கு யாது வேண்டும் என்பதை நீங்களாகவே முடிவு செய்யாமல், அவரையே கேளுங்கள். அவர் கேட்பது இரக்கம் அன்று. உங்களுக்குக் கிடைக்கும் அதே பாடம், அதே நாளில்.