கம்பம் போகலாம் வாங்க

பெங்களூரில் இருக்கும் மகள் போன வாரம் போன் செய்தாள். "அப்பா, பொங்கல் லீவுக்கு இங்கே வந்துடுங்க. நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டம், ஒயின் தயாரிக்கிற இடமெல்லாம் சுத்திக் காட்டுறாங்க" என்றாள். நந்தி மலை நமக்கு வேற்றூர் அல்ல. நம் பாலாறு பிறப்பதே அந்தப் பக்கம்தான். ஆனாலும், "இந்தத் தடவை நீ எங்களோட கம்பத்துக்கு வாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆம்பூர் பஜாரில் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் கருநீலப் பன்னீர் திராட்சைக்குப் பேர்போன ஊர் கம்பம். ஒயினுக்கும் ஏற்ற ரகம் இது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கமெல்லாம் பந்தல் பந்தலாகக் கொடிகள். மற்ற ஊர்களில் பருவத்துக்குத்தான் காய்க்கும். அங்கே வருஷம் முழுக்க அறுவடை.

மண்ணும் மலைக்காற்றும் ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைக் கர்னல் பென்னிகுயிக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணை. 1895 அக்டோபரில் திறந்தார்கள். மலைக் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலித் தொழிலாளர்கள் ஏராளம். அந்தத் தண்ணீர்தான் இன்று முல்லைப் பெரியாறாகப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது.

நம் கதை நேர்மாறு. ஆற்று மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரந்த பாலாறு நமக்கு இருந்தது. கரையெல்லாம் தென்னந்தோப்பு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய், 1970-களுக்குப் பிறகு குரோம் பதனிடுதல் பெருகியது. தோலோடு வந்த உப்பும் ரசாயனக் கழிவும் கிணறுகளில் இறங்கின. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது இந்த வேலூர் வழக்கில்தான்.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஒரு டேனரியில் முப்பத்திநாலு வருஷம் கணக்கு எழுதியவன் நான். மகளைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம். என் அப்பாவின் கிணற்றைக் கரிக்க வைத்ததும் அதே தொழில்தான். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள்; நான் வரவுப் பக்கத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி பயண விவரம். சென்னையிலிருந்து போடிநாயக்கனூர் போகும் ரயில் காட்பாடி வழியாகப் போகிறது. வாரத்தில் மூன்று நாள்தான். கிழமை பார்த்து ரிசர்வ் செய்யணும். தேனியில் இறங்கினால் கம்பத்துக்குப் பஸ் உண்டு. திராட்சைப் பந்தல், சுருளி அருவி, லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் எல்லாம் பார்க்கலாம். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். தேனி பக்கம் பாலார்பட்டியில் அன்று அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள்.

பாலார்பட்டி! பேரைக் கேட்டதும் மனசு நம் ஆற்றுக்குத்தான் போனது. தண்ணீர் கொண்டுவந்தவருக்கு நூறு வருஷம் கழித்தும் பொங்கல் வைக்கும் ஜனங்களை என் பேரன் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் அவனைப் பாலாற்றுக்கும் கூட்டிப்போவேன்.