பிறப்பத்தாட்சியில் வாப்பாவின் வாப்பா



பிள்ளைகள் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் என் மேசை நிறைய பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள்தான். இந்தமுறை ஒரு தாய், மகனின் பத்திரத்தை நீட்டிவிட்டுக் கேட்டார். "சேர், புள்ளைட உம்மா வாப்பாட பேரு வேணும், சரி. வாப்பாட வாப்பா எங்க பொறந்தாரு எண்டு அரசாங்கத்துக்கு எதுக்கு?" எனக்கு உடனே பதில் வரவில்லை. "ஃபோர்ம் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வரலாறு படிப்பிக்கிறவன் சொல்லக்கூடிய பதிலா அது? இரவெல்லாம் மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

பெயர் எழுதி வைக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கரையோரப் பகுதிகளில் தோம்பு எழுதினார்கள். காணிக்கு ஒரு தோம்பு, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு தோம்பு. மூன்றாவதாகப் பாடசாலைத் தோம்பு. யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை முடித்தார் என்பதையெல்லாம் அதில் எழுதியவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்! நாங்கள் இன்று படிவம் நிரப்பிக் களைத்துப் போகிறோம் என்று புறுபுறுக்கிறோம். முந்நூறு வருடத்துக்கு முன்பே நமது தொழில்காரர்களின் தலையில் அந்த வேலை இருந்திருக்கிறது. ஆனால் அது ஒல்லாந்தரின் திருச்சபையைச் சேர்ந்த புத்தகம். ஞானஸ்நானம் பெறாத நம் முன்னோரின் பிறப்பை அதில் தேடிப் பயனில்லை.

சமயம் பாராமல் எல்லாருடைய பிறப்பையும் இறப்பையும் பதிய வேண்டும் என்பது பிரித்தானியர் காலத்தில் வந்தது. அதற்கான பதிவுச் சட்டம் 1867ஆம் ஆண்டினது. நான்கு வருடம் கழித்து, 1871இல், முதலாவது குடிசன மதிப்பீடு. அப்போது தீவின் சனத்தொகை வெறும் 24 இலட்சம். சட்டம் வந்த அடுத்த நாளே சனம் பதிவாளரின் வீட்டு வாசலில் வரிசையில் நின்றிருக்கும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை பிறந்தது வீட்டில், மருத்துவிச்சியின் கையில். பதிவாளர் இருந்தது பல கட்டை தூரத்தில். தோட்டங்களில் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பு தோட்டத் துரையிடம் இருந்தது. தாய் தகப்பனுக்குத் தங்கள் பிள்ளையின் பெயர் புத்தகத்தில் ஏறியதா இல்லையா என்பதே தெரியாமல் போயிருக்கலாம்.

அதற்காக அந்தப் புத்தகங்களைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. 1934 - 35 மலேரியாக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின என்று இன்று நாம் சொல்வது, இறப்புப் பதிவுகளை வழமையான வருடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். 1935இல் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. விதானையாரிடம் போய் "எங்கட புள்ள மவுத்தாகிட்டுது" என்று யாரோ ஒரு வாப்பா, யாரோ ஒரு அப்புஹாமி சொன்னதன் கூட்டுத்தொகை அது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமானால், அவரது தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்பத்தாட்சியில் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் கூடு ஒதுக்கப்பட்டிருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கூடு ஒரு பிரசாவுரிமைக் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948இல் 40 வயதான ஒரு தோட்டத் தொழிலாளி பிறந்தது 1908 அளவில். தகப்பன் பிறந்தது 1880 அளவில் என்று வைப்போம். அது பதிவுச் சட்டம் வந்துவிட்ட காலம், ஆனால் துரை அறிவித்திருந்தால்தான் உண்டு. பாட்டன் 1855 அளவில். அப்போது கட்டாயப் பதிவே கிடையாது! அரசாங்கம் எழுதி வைக்காத ஒன்றை அரசாங்கமே அத்தாட்சியாகக் கேட்டது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழ் மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அது முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. இந்தியச் சோனகர் என்று பதியப்பட்ட நம் சகோதரர்களும் அதே சட்டத்துக்குள் அகப்பட்டவர்கள்தான். நம்மில் பலருக்கு அது நினைவில்லை.

என் வாப்பாவின் பாட்டனுக்கும் பிறப்பத்தாட்சி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்திடம் யாரும் அதைக் கேட்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு கூடும் நம் சமூகத்தைச் சுடுகிறது: "பெற்றோர் விவாகமானவர்களா?" முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கு 1886இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. இப்போதுள்ள 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி, பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நிக்காஹ் செல்லாமல் போகாது. இதைக் கேள்விப்பட்டதும் சில வாப்பாமார் "அப்ப பதியத் தேவல்லதானே" என்கிறார்கள். நிக்காஹ் செல்லும்தான். ஆனால் பிள்ளையின் பிறப்பைப் பதியப் போகும்போது காட்டுவதற்குக் கையில் கடுதாசி இல்லை. பெற்றோர் விவாகமாகாதவர்கள் என்று பதிவானால், இருவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டால்தான் தகப்பனின் விபரம் ஏறும். வாப்பா வெளிநாட்டிலோ, பிரிந்தோ இருந்தால்? தகப்பனின் கூட்டில் வெறும் கோடு. அப்படியான பத்திரங்களை நான் கையில் வாங்கியிருக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளை அதை மேசையில் வைக்கும்போது மற்றப் பிள்ளைகள் பார்க்காதபடி கவிழ்த்துத்தான் வைக்கும்.

1990 ஒக்டோபரை நான் எழுதித்தான் இந்த ஊருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்து கடலால் கற்பிட்டிக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. உம்மா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எங்கள் பத்திரங்களைப் போட்டுக் கொண்டு வந்துவிட்டார். பக்கத்துக் கொட்டில்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பதிவுகள் கிடந்த இடத்துக்குப் போகப் பாதையும் இல்லை. ஓ.எல். எழுதும் வயது வந்தபோது எத்தனை பேர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைந்தார்கள் என்று அகதி முகாமில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். உண்மையான பிறந்த திகதி உம்மாவுக்குத் தெரியும். ஆனால் கடுதாசியில் உள்ளது வேறு.

நேற்று அந்த டின்னைத் திறந்து என்னுடைய பத்திரத்தையும் நானாவுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் "தகவல் கொடுத்தவர்" வாப்பாதான். அதே கையொப்பம். பாட்டனின் கூட்டில் பெயர் ஒன்றுதான், ஊர் ஒன்றுதான். பிறந்த வருடம் மட்டும் நானாவுடையதில் 1921. என்னுடையதில் 1924.

வாப்பாவிடம் கேட்டேன். "பதிவாளர் ஐயா கேட்டாரு, வாயில வந்தத சொன்னன்" என்கிறார்.