தீவு இந்தியா: டைனோசர்களின் நடுவே பிழைத்தவை

தீவு இந்தியா என்பது, மடகாஸ்கரிலிருந்து பிரிந்த இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதும்வரை கடல் சூழக் கிடந்த காலத்தைக் குறிக்கும். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இக்காலம் நீண்டது. அதன் முற்பாதியில் இத்தீவை டைனோசர்கள் ஆண்டன.

ஆர்தர் கானன் டாயில் 1912இல் தம் டைனோசர்களை ஏற முடியாத ஒரு பீடபூமியில் குடிவைத்தார். மைக்கேல் கிரைட்டன் 1990இல் ஒரு தீவில் விட்டார். இரு கதைகளிலும் சாதாரண மனிதர்கள் அவற்றிடம் மாட்டிக்கொண்டு தப்பிக்க வழி தேடுகிறார்கள். உண்மையில் பேருருவ டைனோசர் எதையும் மனிதன் கண்டதில்லை. இடையே 6 கோடி ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி. ஆனாலும் அப்படியொரு தீவில் எளியவர் எப்படிப் பிழைப்பார் என்ற கேள்வி இந்திய மண்ணில் மெய்யாகவே எழுந்தது. அதற்கு விடையாக நிற்பவை ஒரு தவளை, ஒரு பூரான், மண்ணுக்குள் வாழும் காலில்லாத சில உயிர்கள்.

எலும்புகளின் வரலாறு

பின்னாளில் தக்கிக் கொள்ளையரை ஒடுக்கியதற்காகப் பெயர்பெற்ற வில்லியம் ஸ்லீமன், 1828இல் ஜபல்பூரில் சில எலும்புகளைப் பொறுக்கியெடுத்தார். டைனோசர் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. அவற்றை வைத்து 1877இல் ரிச்சர்ட் லைடெக்கர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்ற இனத்தை விவரித்தார். தீவின் வேட்டையாளர்களில் ஒன்றான ராஜாசாரஸ், குஜராத்தின் ரையோலியில் 1980களில் எடுத்த எலும்புகளிலிருந்து 2003இல் அடையாளம் பெற்றது. அதன் நெருங்கிய உறவு மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ்.

தமிழ்நாட்டின் பங்கு அரியலூரிலிருந்து வந்தது. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணி எனப்பட்டது. பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணியாகக் கருதப்பட்டது. கல்மரமாக இருக்குமோ என்றுகூடச் சிலர் ஐயப்பட்டனர். சரிபார்க்கலாமென்றால் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடியது, இன்று வரைபடங்களிலும் அளவுக் குறிப்புகளிலும்தான் இருக்கிறது. அதே கல்லமேட்டில் 2013இல் அறிவிக்கப்பட்ட ஒரு சிறு பல்லின் மதிப்பு இதைவிடக் கூடுதல் என்பேன். மடகாஸ்கரில் இலைதழை தின்று வாழ்ந்த சிமோசூகஸ் முதலையின் பல்லை அது ஒத்திருந்தது. பிரிந்துபோன இரு நிலங்களின் பழைய உறவுக்கு அது சாட்சி.

எளியவை பட்ட பாட்டைக் காட்டும் கல் ஒன்றும் உண்டு. குஜராத்தின் தோலி துங்ரியில் 1984இல் தனஞ்ஜய் மொஹபே கண்டெடுத்த டைனோசர் கூட்டில், ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி ஒரு பாம்பு கிடந்தது. பக்கத்தில் அப்போதுதான் பொரிந்த குஞ்சு. சுமார் 3.5 மீட்டர் நீளமுள்ள அப்பாம்புக்கு 2010இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரியதன் வீட்டில்தான் சிறியதற்குச் சாப்பாடு. எலி, மூஞ்சூறு அளவேயான பாலூட்டிகளும் இருந்தன: தெலங்கானாவின் நஸ்கலில் கிடைத்த பற்களைக் கொண்டு பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இல் டெக்கனோலெஸ்டஸை அறிவித்தனர்.

பெங்களூரின் இடம்

பெங்களூரில் எங்கே தோண்டினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது. லால்பாக் குன்றின் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இறுகிப்போன பாறை அது. கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குப் போகும் பிள்ளைகள் பார்ப்பது இயந்திர டைனோசரை. ஆனால் பிழைத்தவற்றின் வரலாற்றை மரபணுவிலிருந்து வாசித்த முக்கியமான ஆய்வுகள் இவ்வூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வந்தன.

டைனோசர்களின் கடைசிக் காலத்தில், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பிளவுகள் வழியே பொங்கிப் பரவியது. இன்று மிஞ்சியிருக்கும் பரப்பே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி இருக்கும் நிலம் அதனடியில் புதைந்தது. பெலகாவிப் பக்கத்தோடு குழம்பின் தெற்கு எல்லை முடிந்தது. அப்படியானால் தெற்கு மலைகள் புகலிடமாக இருந்திருக்குமா? அக்கழகத்தின் ஜாஹ்னவி ஜோஷியும் பிரவீண் கரந்தும் 2013இல் டிஜிட்டிபெஸ் என்ற பூரான் பேரினத்தின் மரபணுக்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். அவற்றின் மூதாதைகள் தெற்கு மலைகளில் இருந்தன என்றும், எரிமலை ஓய்ந்த பின்னரே வடக்கே பரவின என்றும் தெரியவந்தது. டைனோசரை அழித்த காலத்தைக் காட்டு இலைச்சருகின் அடியில் பூரான் கடந்துவிட்டது!

பிழைத்தவை

2003இல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பொசுயிட்டும் இடுக்கியிலிருந்து விவரித்த ஊதாத் தவளை இப்பட்டியலில் புகழ்பெற்றது. கூர்மூக்கு, உப்பிய உடல், குட்டைக் கால்கள். ஆண்டு முழுதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வரும். பாதாளத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை மேலே வரும் மன்னன் பெயரால் மகாபலித் தவளை என்று கேரளத்தில் அழைப்பது பொருத்தம்தான். அதற்கு நெருங்கிய சொந்தங்கள் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரு கிளைகளும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து 2017இல் ஊதாத் தவளையின் உடன்பிறப்பு இனம் ஒன்று விவரிக்கப்பட்டது. மறைந்த ஊர்வனவியலாளர் எஸ். பூபதியின் பெயர் அதற்கு. மலைக்கு மேற்கே உள்ளது தென்மேற்குப் பருவமழைக்கு வெளியே வருகிறது, கிழக்கே உள்ளதோ வடகிழக்குப் பருவமழைக்கு. வடகிழக்கு மாநிலங்களில் 2012இல் அறியப்பட்ட சிகிலிடே குடும்பமும் இவ்வரிசையில் சேரும்: மண்புழு போலத் தோன்றும், தவளைகளுக்கு உறவான சிசிலியன்கள். அவற்றின் சொந்தம் ஆப்பிரிக்காவில்.

இவற்றில் பலவும் மண்ணுக்குள் இருப்பவை. வெப்பம், வறட்சி, வேட்டை மூன்றும் மேல்தரையில்தான் கடுமை. மக்கிய இலையும் பூச்சியும் கீழே ஓரளவு எப்போதும் கிடைக்கும்.

கருத்து வேறுபாடுகள்

தீவு எவ்வளவு தனித்திருந்தது என்பதில் ஒற்றுமை இல்லை. முழுத் தனிமையில் இருந்திருந்தால் விசித்திரமான உயிர்கள் பெருகியிருக்க வேண்டும். ஆனால் புதைபடிவங்கள் பிற நிலங்களின் சாயலையும் காட்டுகின்றன என்று சாஹ்னி வாதிட்டார். இந்தியாவே படகாக நின்று ஆப்பிரிக்க உயிர்களை ஆசியாவில் இறக்கிவிட்டது என்ற கருத்தும் பரவலாகப் பேசப்பட்டது. கரந்த் 2021இல் எழுதிய மீள்பார்வை அந்த உற்சாகத்தைத் தணித்தது. இன்றைய இந்திய முதுகெலும்பிகளில் பெரும்பான்மை மோதலுக்குப் பின் வந்தேறியவை. தீவுக் காலத்து வம்சங்கள் வெகு சிலவே.

அந்தச் சிலவற்றிலும் ஊதாத் தவளைக்கு இப்போது நேரடி ஆபத்து உண்டு. அதன் தலைப்பிரட்டைகள் ஓடையின் வேகத்தில் பாறையை வாயால் பற்றிக்கொண்டு வளர்பவை. கேரள மலைகளில் அவற்றை உணவுக்காகச் சேகரிப்பதைப் பிஜுவும் ஆஷிஷ் தாமஸும் 2015இல் பதிவுசெய்தனர். ஓடைகளில் எழும் தடுப்பணைகள் மற்றொரு கவலை.