மண்ணுக்கும் காற்றுக்கும் நடுவே ஒரு கிட்டார்

பொன்னேரியைச் சுற்றி ஒரு கோயில் திருவிழாவிலோ, மாதா கோயில் விழாவிலோ மெல்லிசைக் கச்சேரி நடந்தால் கிட்டார் வாசிப்பவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிட்டாரிலிருந்து ஆம்ப் வரைக்கும் மேடையில் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும் கறுப்பு ஒயர் பல மேடைகளில் இப்போது காணோம். கிட்டாரின் ஜாக்கில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று செருகியிருக்கும். அதன் ஜோடி ஆம்ப்பில் செருகியிருக்கும். இரண்டிலும் சின்னதாக ஒரு விளக்கு. டிஜிட்டல் வயர்லெஸ் என்கிறார்கள். சாதாரண ரகம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கம்பியில்லாத கிட்டார் புதிய சங்கதி இல்லை. அமெரிக்க ராக் மேடைகளில் 1970களின் நடுவிலேயே வந்துவிட்டது. நம்ம ஊர்ப் பந்தலுக்கு வந்து சேர அதற்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் விலை என்பார்கள். அது பாதி பதில். மீதி பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று மண், அதாவது எர்த். இன்னொன்று காற்று, அதாவது அலைவரிசை. இந்தச் சின்னப் பெட்டி மேடையில் ஆடிப் பாடுவதற்கான வசதி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதன் வரலாற்றைப் பார்த்தால், உயிர் காப்பது சம்பந்தமான ஒரு பொருளாகத்தான் எனக்குப் படுகிறது.

கம்பிக்குள் ஓடுவது என்ன

எலக்ட்ரிக் கிட்டாரின் அடிப்படை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. அதன் மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும். கம்பிச் சுற்றில் மின்சாரம் பிறக்கும். ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1930களின் தொடக்கத்தில் இதை வைத்து ரிக்கன்பேக்கர் நிறுவனத்துக்கான கிட்டாரை உருவாக்கினார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வறுவல் சட்டி' என்றே பெயர் வந்துவிட்டது.

அதே ஃபாரடே விதிதான் பொன்னேரிக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இண்டக்‌ஷன் உலைகளில் இரும்பை உருக்குகிறது. அங்கே பெரிய சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சி நடுவிலிருக்கும் பழைய இரும்பைக் குழம்பாக்குகிறார்கள். கிட்டாரில் அது தலைகீழாக நடக்கிறது. தந்தி அசைகிறது, சுருளில் துளி மின்சாரம் வருகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சுருளுக்குத் தந்தியின் காந்தம் எது, ஊரின் காந்தம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் போகும் மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சீரியல் செட், ஃபேன் எல்லாவற்றின் புலத்தையும் அது வாங்கிக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையின் 'ஜி' ஸ்வரம் கீழே 49 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆக இந்தியாவில் எலக்ட்ரிக் கிட்டாரின் பின்னால் எப்போதும் ஒரு தம்பூரா, கிட்டத்தட்ட 'ஜி'யில், 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரைச்சலைக் குறைக்கத் தந்திகளையே எர்த்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். தந்தியிலிருந்து கிட்டாரின் பாலம், அங்கிருந்து கேபிளின் வெளிவலை, அங்கிருந்து ஆம்ப்பின் இரும்புப் பெட்டி, கடைசியாக பிளக்கின் மூன்றாவது பின் வழியாக மண். வாசிப்பவர் தந்தியில் கை வைத்தால் இரைச்சல் குறைவது இதனால்தான். அவர் உடம்பும் அந்தத் தொடரில் சேர்ந்துகொள்கிறது. வேறு வார்த்தையில் சொன்னால், கேபிள் செருகிய கிட்டார்க் கலைஞர் ஆம்ப்பின் இரும்புப் பெட்டியைக் கையால் தொட்டுக்கொண்டே கச்சேரி முழுவதும் நிற்கிறார். மூன்றாவது பின் ஒழுங்காக மண்ணைத் தொடும் வரைக்கும் அதில் ஆபத்து இல்லை.

மூன்றாவது பின்

பந்தல் மேடையின் மின்சாரம் எப்படி வருகிறது என்று ஒருமுறை பின்பக்கம் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். ஜெனரேட்டரிலிருந்தோ பக்கத்துக் கம்பத்திலிருந்தோ ஒயர் இழுத்து, ஒரு பலகையில் ஸ்விட்ச் பாக்ஸ். மைக் செட்டுக்கு ஒரு பேஸ், லைட்டுக்கு இன்னொரு பேஸ். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். எக்ஸ்டென்ஷன் ஒயர் பெரும்பாலும் இரட்டைக் கம்பிதான், எர்த்துக்கான மூன்றாவது கம்பி அதில் இருக்காது. இருந்தாலும், மிக்ஸருக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு வேறு எர்த் என்றாகும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகி இரைச்சல் இன்னும் கூடும். அந்த இரைச்சலை நிறுத்த ஒரு குறுக்கு வழி உலகம் பூராவும் பழக்கத்தில் இருக்கிறது: பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. சத்தம் நின்றுவிடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும்.

எர்த் இல்லாத ஆம்ப்பில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் மின்சாரம் இரும்புப் பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து கேபிள் வழியாகத் தந்திக்கு வரும். வாசிப்பவருக்கு அது தெரியாது. பல்லவிக்குக் கூடப் பாட மைக்கில் உதடு படும். மைக் வேறொரு வழியாக மண்ணோடு சேர்ந்திருக்கும். கையில் ஏறி உதட்டில் இறங்குகிற அந்தப் பாதையில் நடுவே இருப்பது இதயம். வீடுகளில் வைக்கும் கசிவுக் காப்பு ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியரிலேயே மின்சாரத்தை வெட்டிவிடும்படி அமைத்திருப்பதிலிருந்து, உயிர் போக எவ்வளவு குறைந்த மின்சாரம் போதும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இது கற்பனையில் வரும் பயம் இல்லை. 1972 மே 3ஆம் தேதி வேல்ஸில் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார். 1976 டிசம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் லேக்லாண்ட் நகரில் 'கிஸ்' குழுவின் ஏஸ் ஃப்ரேலி, கிட்டாரோடு படியில் இறங்கும்போது எர்த் இல்லாத இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஷாக் வாங்கினார். அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் குழு கேபிளை விட்டுவிட்டு வயர்லெஸுக்கு மாறியது.

அவர்கள் மாறியது கென் ஷாஃபர் என்பவர் உருவாக்கிய 'ஷாஃபர்-வேகா' கருவிக்கு. ஷாஃபர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றவர்களுக்கு விளம்பர வேலை பார்த்தவர், எலக்ட்ரானிக்ஸிலும் கை வைத்தவர். அதற்கு முன்பே கம்பியில்லாத மைக்குகள் இருந்தன. ஷூர் நிறுவனம் 1953லேயே ஒன்றை விற்றது. ஆனால் கிட்டாரில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். ஷாஃபர் அனுப்பும் பக்கத்தில் ஒலியை அமுக்கி, வாங்கும் பக்கத்தில் திரும்ப விரித்தார். ஒரு ஆன்டெனாவில் சிக்னல் விழுந்தால் இன்னொன்றிலிருந்து எடுக்கும்படி இரண்டு ஆன்டெனா வைத்தார். அமுக்கி விரிப்பதில் ஒலி கொஞ்சம் மாறும். 'ஏசி/டிசி' குழுவின் ஆங்கஸ் யங்குக்கு அந்த மாற்றமே பிடித்துப்போய், ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஸ்டுடியோவுக்குள்ளும் அந்தக் கருவியை எடுத்துப்போனார். 1980இல் வந்த 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தின் கிட்டார் ஒலியில் அதற்குப் பங்கு உண்டு.

காற்றுக்கு லைசென்ஸ்

இதே 1970களில்தான் சென்னையில் மெல்லிசைக் குழுக்கள் செழித்தன. ஏ.வி.ரமணனின் 'மியூசியானோ', காமேஷ் - ராஜாமணி குழு என்று சினிமாப் பாட்டை மேடையில் அப்படியே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஷாஃபர் கருவியை வாங்கி வந்திருந்தால் என்ன ஆகும்? சட்டப்படி அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவில் வானலையோடு முதலில் விளையாடியவர்கள் தனி ஆர்வலர்கள்தான். சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அதே வருஷம் ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணம் இல்லாமல் 1927இல் நிறுத்தினார்கள். கருவி சென்னை மாநகராட்சி கைக்குப் போய், 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடந்தது. காற்று ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி இருந்த சில வருஷங்கள் அவை.

அப்புறம் வந்தது 1933ஆம் வருஷத்து இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். 1885ஆம் வருஷத் தந்திச் சட்டம் ஏற்கெனவே தந்தி நடத்தும் உரிமையை அரசுக்கு ஒதுக்கியிருந்தது. 1933 சட்டம் அதைவிட ஒரு படி மேலே போய், லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடை செய்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவுக்கு வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்தது இதன் தொடர்ச்சிதான். கேட்கும் கருவிக்கே அந்தப் பாடு. ஒலி அனுப்பும் கருவி என்றால், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த திருத்தத்தின்படி மூன்று வருஷம் வரை ஜெயில். கிட்டாரில் செருகும் டிரான்ஸ்மிட்டரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு டிரான்ஸ்மிட்டர்தான்.

இந்தக் கதவு திறந்ததற்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்கா 1985இல், தொழிற்சாலைக் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏற்கெனவே இரைச்சல் செய்துகொண்டிருந்த சில அலைவரிசைகளை, லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம் என்று விட்டது. யாருக்கும் வேண்டாத புறம்போக்கு நிலத்தைப் பொதுவாக்கிய மாதிரி. அந்தப் புறம்போக்கில்தான் வைஃபையும் புளூடூத்தும் முளைத்தன. இந்தியா 2005 ஜனவரியில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை லைசென்ஸிலிருந்து விடுவித்து அரசிதழில் விதி வெளியிட்டது. கவனத்தில் இருந்தது இன்டர்நெட். நிபந்தனை ரொம்ப நியாயமானது: கதிர்வீச்சுச் சக்திக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது, யாராவது உனக்குத் தொந்தரவு தந்தால் புகார் சொல்லவும் கூடாது. 1885, 1933 சட்டங்கள் இரண்டுக்கும் பதிலாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் பொன்னேரி மேடையில் கிட்டார்க்காரருக்குக் காற்றைத் திறந்துவிட்டது அந்த 2005 அரசிதழ் விதிதான்.

ஒன்றும் பூஜ்யமுமாக

இடம் கிடைத்துவிட்டது, ஆனால் அது சந்தைக்கடை மாதிரி கூட்டமான இடம். பழைய முறையில் ஒலியை அப்படியே அலையில் ஏற்றினால் இந்தக் கூட்டத்தில் பிழைக்காது. ஒலியை எண்களாக மாற்றி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, பட்டைக்குள் இடம் மாறி மாறி அனுப்ப வேண்டும். அலைவரிசை தாவும் இந்த யோசனைக்கு ஒரு இசைத் தொடர்பு உண்டு. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942இல் வாங்கிய காப்புரிமையில், டார்ப்பிடோவுக்கான ரேடியோ சிக்னல், தானாக வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் போல ஒன்றின்படி 88 அலைவரிசைகளில் தாவும். 88 என்பது பியானோ கட்டைகளின் எண்ணிக்கை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம். வெப் பக்கம் ஒன்று வரும்போது பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். அரை நொடி தாமதம் யாருக்கும் வலிக்காது. கிட்டாரில் அது நடக்காது. விரல் பட்டதும் ஸ்பீக்கரில் ஒலி வர வேண்டும். அதனால் திரும்பக் கேட்க நேரமே இல்லாமல், வந்ததை வைத்துச் சமாளிக்கும்படி இந்தக் கருவிகளை வடிவமைக்கிறார்கள். எக்ஸ்2 என்ற நிறுவனத்தை 2008இல் வாங்கிய லைன் 6, 2010இல் ரிலே வரிசையைக் கொண்டுவந்தது. 2018இல் பாஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல் வரிசை வந்தது. அதன் தாமதம் 2.3 மில்லி நொடி. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகும். ஆக, ஆம்ப்பிலிருந்து ஓர் அடி எடுத்துவைத்துத் தள்ளி நின்றால் வரும் தாமதம்தான் இது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீளமான கேபிள், கிட்டாரின் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கிவிடும். எண்பது வருஷமாக அந்த மழுங்கலையே கிட்டார் ஒலி என்று காது பழகிவிட்டது. கேபிளை எடுத்ததும் ஒலி கூர்மையாகி, என்னமோ மாதிரி இருக்கிறது என்றார்கள். அதனால் பாஸ் கருவியின் ஒரு மாடலில், இல்லாத மூன்று மீட்டர் கேபிளின் மழுங்கலை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார்கள்.

தீராதது

இப்போது மண்ணுக்குத் திரும்புவோம். கேபிள் போனதும் தந்திக்கும் ஆம்ப் பெட்டிக்கும் நடுவிலிருந்த செம்புப் பாதை போய்விட்டது. கிட்டாரில் இருப்பது சின்ன லித்தியம் பேட்டரி. ஆம்ப்பில் எந்தக் கசிவு வந்தாலும் அது வாசிப்பவரின் விரலுக்கு வராது. எர்த் வளையத்தால் வந்த இரைச்சலும் சேர்ந்தே போகும். சுருள் நேரடியாக வாங்கும் 'ஜி' தம்பூரா மட்டும் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க ஹம்பக்கர் வகைப் பிக்கப்தான் வேண்டும். கூட்டத்தில் ஆயிரம் பேர் பாக்கெட்டில் ஃபோன் இருந்தால் பட்டை நெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸைத் தண்ணீர் உறிஞ்சும், மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அதனால் வாங்கும் பெட்டியை ஆம்ப்பின் முதுகுப்பக்கம் ஒளித்து வைக்காமல், வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பது நல்லது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு மேடையில் ஒருவருக்கு மட்டும்தான். கம்பி மைக்கைப் பிடித்துப் பாடும் பாடகிக்கு இல்லை. கீபோர்டுக்காரருக்கு இல்லை. மழை பெய்து ஈரமான தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்பீக்கரைத் தூக்கும் மைக் செட் பையனுக்குச் சுத்தமாக இல்லை. கிட்டாரில் இரைச்சல் வந்தவரைக்கும் எர்த்தில் ஏதோ கோளாறு என்றாவது ஒரு எச்சரிக்கை இருந்தது. வயர்லெஸ் வந்த மேடையில் அந்த எச்சரிக்கையும் மௌனமாகிவிடுகிறது. கழற்றிய மூன்றாவது பின் கழற்றியபடியே இருக்கும்.

காற்றைப் பொதுவாக்க ஒரு அரசிதழ் அறிவிப்பு போதுமாக இருந்தது. மண்ணுக்கு அப்படி ஒரு அறிவிப்பு வராது. ஒவ்வொரு பந்தலிலும் யாராவது ஒருவர் மூன்று கம்பி ஒயர் கேட்டு வாங்கி, கசிவுக் காப்பு ஸ்விட்ச் ஒன்றைப் பலகையில் பொருத்தி, எர்த் கம்பியை ஈர மண்ணில் அடித்து, டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கச்சேரிச் செலவில் அது ஒரு மாலையின் விலைகூட வராது.