டயட் என்கிற வீடியோ கேம்

புனே வந்து பதினாறு வருஷமாகிறது. ஊரிலிருந்து வரும் என் அக்கா, பையைக் கீழே வைக்குமுன் என் பெண்ணிடம் கேட்பது ஒன்றுதான்: "என்னடி, இப்படி வெயிட் போட்டுட்டே?" அவள் சிரித்து மழுப்புவாள். நானும் சிரிப்பேன். போதாக்குறைக்கு, நான் சாஃப்ட்வேர் ஆசாமி அல்லவா, அவள் எடையை வாராவாரம் குறிக்க எக்ஸெல் ஷீட் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். பி.எம்.ஐ. குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு.

இந்த பி.எம்.ஐ.யின் பூர்வீகம் சுவாரசியமானது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, 1830-களில் பெல்ஜியத்துக்காரர் கெட்லே கண்டது. மனுஷர் டாக்டர் இல்லை. வானியலும் புள்ளியியலும்தான் தொழில். தனி ஆளுக்கு வைத்தியம் பார்க்க அல்ல, 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்று பார்க்கத்தான் கணக்குப் போட்டார். 1972-இல் ஆன்செல் கீஸ் அதற்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். 2007-இல் நின்டெண்டோவின் 'வீ ஃபிட்' அதை வீட்டு ஹாலுக்கே கொண்டுவந்தது. பலகைமேல் ஏறினால் டிவி தீர்ப்புச் சொல்லும். அடுத்த வருஷமே பிரிட்டனில் பத்து வயதுச் சிறுமியை 'குண்டு' என்று அது சொல்லிவிட, நின்டெண்டோ மன்னிப்புக் கேட்டது.

அளந்தவர்கள் கதை இது. அளக்கப்பட்டவள் பக்கத்திலிருந்து ஒரு கேம் வர இன்னும் பல வருஷமாயிற்று. 'கன்ஸ்யூம் மீ'. அமெரிக்காவில் ஜென்னி ஜியாவோ ஷியா, ஏ.பி. தாம்சன் இருவரும் ஒரு சிறு குழுவோடு பத்து வருஷம்போல உழைத்து, 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். வெளிவருமுன்பே, சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் அவ்வருஷத்தின் முதல் பரிசு கிடைத்துவிட்டது. பள்ளி நாட்களில் ஜென்னி பட்ட டயட் அவஸ்தைதான் கதை. நாயகியின் பெயரும் ஜென்னியே.

என் பெண்தான் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். டெட்ரிஸ் மாதிரி சாப்பாட்டுத் துண்டுகளைத் தட்டில் அடுக்க வேண்டும். வயிறும் ரொம்ப வேண்டும், கணக்கும் தாண்டக்கூடாது. தாண்டினால் உடற்பயிற்சி செய்து கழிக்க வேண்டும். நடுவே படிப்பு, வீட்டு வேலை, காதல் வேறு. அரை மணி நேரத்தில் எனக்குச் சூடு பிடித்துவிட்டது. "அதை எடுத்துட்டு சின்னதா ஒண்ணு வை!" என்று கத்தியே விட்டேன்.

"அப்பா, உங்க ஷீட் மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.

சினிமாவாக இருந்தால் 'ஐயோ பாவம்' என்று எழுந்து போயிருப்பேன். இங்கே அந்தப் பெண்ணைப் பட்டினி போட்டுக் கணக்குப் பார்த்தது என் கை. இலக்கு, பாயிண்ட், தண்டனை என்று டயட்டே பாதி கேம்தான். ஷியா செய்தது, மீதியை நம் கையில் கொடுத்தது.

ஷீட்டை அன்றே அழித்துவிட்டேன். அது சுலபம். அடுத்த மாசம் அக்கா வருகிறாள். ஸ்டேஷனிலேயே பையை வாங்கிக்கொண்டு, "அக்கா, இந்தத் தடவை அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.