பழைய புல்லட்டைப் புதுப்பித்தல்: எது அசல், எது மாற்றம்?

புல்லட் மோட்டார் சைக்கிளை இங்கிலாந்து வண்டி என்பார் சிலர். பட்டாளத்து வண்டி என்பார் சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தாத்தா காலத்து வண்டி என்று நம் வீட்டுக் கொட்டகைகளில் சாய்ந்து நிற்கும் புல்லட்டுகள் பெரும்பாலும் பிறந்த இடம் திருவொற்றியூர். 1950களில் அவ்வூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் மாவட்டம் பிரிந்தபோது திருவள்ளூருக்குப் போயிற்று. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதே நிறுவனம் பின்னாளில் ஆலை அமைத்த ஒரகடமும் (2013) வல்லம் வடகாலும் (2017) பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களே. ஆகவே திருவிடந்தையிலோ திருக்கழுக்குன்றத்திலோ ஒருவர் பழைய புல்லட்டைக் கழற்றிப் புதுப்பிக்க உட்கார்ந்தால், அவர் கையில் இருப்பது தம் சொந்த வட்டாரத்தின் தொழில் வரலாறு.

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி மணல் வீச்சு இயந்திரத்தால் கல்லைத் தேய்த்ததையும், எழுத்துகள் மழுங்கியதையும், பிறகு அந்த முறை தடைசெய்யப்பட்டதையும் வரலாறு படிப்போர் அறிவர். பழைய வண்டிகளுக்கும் இன்று பட்டறைகளில் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. பளபளப்பு வருகிறது, எழுத்து போகிறது. இக்கட்டுரையின் கவலை அதுதான்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1932இல் வந்தது. நாம் அறிந்த உருவம், அதாவது பின்சக்கரத்துக்கு அசையும் கையும் அதிர்வு தாங்கியும் கொண்ட 350 சி.சி. வண்டி, 1949இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ராயல் என்ஃபீல்டு வண்டிகளைச் சென்னையில் விற்கத் தொடங்கியது.

நாடு பிரிந்தபின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1952இல் இந்திய ராணுவம் 500 புல்லட்டுகளுக்கு மெட்ராஸ் மோட்டார்ஸிடம் ஆணை கொடுத்தது. அந்த ஒற்றை ஆணைதான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது எனலாம். கப்பலில் வண்டியை வரவழைப்பதைவிட இங்கேயே செய்யலாம் என்ற எண்ணம் வலுப்பட்டு, 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை உருவாக்கின. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறக்கப்பட்டது. முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் பூட்டிய வண்டிகள் 163. அடுத்த சில ஆண்டுகளில் வார்ப்பு, கடைசல் எல்லாம் படிப்படியாக இங்கேயே வந்துவிட்டன.

இதற்குப் பின் நடந்ததுதான் வியப்பு. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் மிஞ்சியிருந்த பிரிவும் 1970இல் நின்றது. தாய் இறந்தும் பிள்ளை ஓடிக்கொண்டே இருந்தது. 1977இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994இல் ஐச்சர் குழுமம் நிறுவனத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் ‘என்ஃபீல்டு இந்தியா’ என்ற பெயர் போய் ‘ராயல்’ திரும்ப வந்தது. எனவே 1980களின் வண்டியில் ‘ராயல் என்ஃபீல்டு’ என்று இன்றைய சின்னத்தை ஒட்டிவிட்டு “ஒரிஜினல்” என்று விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அசல் என்பது என்ன?

ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் போன்ற பிற பழைய வண்டிகளைப் புதுப்பிப்போருக்கு இருக்கும் துன்பம் புல்லட்காரருக்குக் குறைவு. உற்பத்தி நின்றுபோகாததால் உதிரிபாகம் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியதும் புதுப்பேட்டையில் பழையதும் தேடலாம். ஆனால் இந்த வசதியே ஆபத்தாகவும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அடிப்படை அளவுகள் பெரிதும் மாறாததால், 1990இல் வார்த்த பாகம் 1965 வண்டியில் அப்படியே உட்காரும். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் போடுவது எளிது; மெக்கானிக்கும் அதைத்தான் விரும்புவார். பத்து முறை இப்படிச் செய்தபின் அந்த வண்டியில் 1965 எங்கே இருக்கிறது?

என் கருத்தில் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, எண்கள். சட்டத்தில் அதாவது சேஸிஸில் ஒன்று, எஞ்சின் பெட்டியில் ஒன்று என எழுத்தாணி போன்ற உளியால் அடித்த எண்கள் இவை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்களும் இவையும் ஒத்திருக்க வேண்டும். பவுடர் கோட்டிங் என்று தடித்த வண்ணப்பூச்சு சுட்டு ஏற்றும்போது இந்தப் பள்ளம் நிரம்பிவிடும். துரு தேய்க்கும் கிரைண்டர் அதை வழித்துவிடும். வேலைக்குக் கொடுப்பதற்கு முன் அந்த இடத்தை நாடா ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, கைவேலை. புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் ஓடும் தங்க நிறக் கோடுகளை அச்சும் அளவுகோலும் இல்லாமல் தூரிகையால் இழுப்பது திருவொற்றியூர் ஆலையின் மரபு. தலைமுறையாக ஓர் ஓவியர் குடும்பம் அதைச் செய்துவந்தது. மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ் என்று நிறுவனமே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் இரண்டு டேங்குகளின் கோடு ஒன்றுபோல் இராது. வளைவில் தூரிகை சற்றே அழுந்தியிருக்கும். இப்படிப்பட்ட டேங்கைச் சுரண்டிப் பட்டி பார்த்து, மெழுகு போல் பெயின்ட் அடித்து, மேலே பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோடு ஒட்டித் தருகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அழகு. ஆனால் ஒரு மனிதரின் கை அங்கே இருந்தது, இப்போது இல்லை. வண்ணம் பாதி நின்றிருந்தால்கூட அதைத் துடைத்துக் காப்பதே மேல்.

மூன்றாவது, இயக்கும் முறை. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கியர் பெட்டியின் ஓரத்தில் நியூட்ரலுக்குத் தள்ள ஒரு தனி லீவர். கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. முகப்பு விளக்குப் பெட்டியில் உள்ள ஆம்ப் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்து பிஸ்டனை உச்சியிலிருந்து சிறிது தாண்டவிட வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. இதை அறியாமல் மிதித்துக் கணுக்காலில் அடி வாங்கியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். செல்ஃப் ஸ்டார்ட் வைத்துவிட்டால் இந்தப் பாடமெல்லாம் போய்விடும்.

பட்டறையில்

எஞ்சின் வேலையில் முதலில் வருவது போரிங். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. பள்ளி மாணவர்கள் உருளையின் கன அளவு வாய்பாட்டில் போட்டுப் பார்க்கலாம்: 346 சி.சி. வரும். இதைத்தான் 350 என்கிறோம். சுவர் தேய்ந்து எண்ணெய் மேலேறிப் புகைந்தால் லேத் பட்டறையில் சிலிண்டரை அகலப்படுத்தி, பெரிய அளவுப் பிஸ்டன் போடுவார்கள். முதல் முறை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மி.மீ. பெரிதாகும். அப்போது எஞ்சின் 351 சி.சி. ஆகிவிடும். ஒன்றரை மி.மீ. அகன்றால் 361. ஒவ்வொரு போரிங்கும் இரும்புச் சுவரை மெலியச் செய்கிறது. ஆகவே அளந்து பார்க்காமல் “எதுக்கும் ஒரு போர் போட்டுடலாம்” என்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடற்கரை ஊரில் இருப்போருக்கு எஞ்சினைவிடத் தகரமே பெருங்கவலை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை காற்றில் உப்பு. முலாம் பூசிய சக்கர வளையத்திலும் கம்பிகளின் முனையிலும் முதலில் கரும்புள்ளி தோன்றும். அதன் அடியில் துரு ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றி வைப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை. தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் கெடும்.

டேங்கின் உட்புறம் வேறு கதை. பாதி நிரம்பிய டேங்கில் மேல்பாதிச் சுவரில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, சில நட்டு போல்ட்டுகளையும் போட்டுக் குலுக்கி எடுப்பது பட்டறை வழக்கம். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற அதே வேதியியல்தான். பிறகு சோடா உப்பு நீரால் அலசி உடனே உலர்த்த வேண்டும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால் கவலை கூடியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாயையும் வாஷரையும் இளக்கும். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது கட்டாயம். வாரக்கணக்கில் ஓட்டாத வண்டியின் கார்புரேட்டரைக் காலி செய்து வையுங்கள். இந்த மாற்றங்களை அசலுக்குக் கேடு என்று நினைப்பது வீண் பிடிவாதம்.

ஆல்டர் செய்த வண்டிகள்

வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றுவது நேற்று வந்த பழக்கமல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மட்கார்டு வெட்டி எடை குறைத்து ஓட்டினார்கள். 1950, 60களில் இங்கிலாந்து இளைஞர்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, ஒற்றை இருக்கை வைத்து, தேநீர்க்கடைக்குத் தேநீர்க்கடை பந்தயம் விட்டார்கள். ‘கஃபே ரேசர்’ என்ற பெயர் அப்படி வந்தது. அந்த மோகத்தைப் பார்த்து ராயல் என்ஃபீல்டே 1960களின் நடுவில் 250 சி.சி.யில் ‘கான்டினென்டல் ஜி.டி.’ என்று ஒரு வண்டி விட்டது. 2013இல் அதே பெயர் சென்னையிலிருந்து மீண்டும் வந்தது.

நம் நாட்டிலோ தேவை வேறு. பெட்ரோல் விலைக்கு அஞ்சிய வட இந்தியப் பட்டறைக்காரர்கள், நீர் இறைக்கும் இயந்திர வகைச் சிறு டீசல் எஞ்சினைப் புல்லட் சட்டத்தில் பொருத்தினார்கள். பெட்ரோல் புல்லட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு தூரம் ஓடியது. பிறகு திருவொற்றியூர் ஆலையே 325 சி.சி. டீசல் புல்லட்டைச் செய்து விற்றது. புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகியபோது அது நின்றது. அந்த டீசல் வண்டியை இன்று ஒருவர் ‘மீட்கிறேன்’ என்று பெட்ரோல் எஞ்சின் பொருத்தினால், அவர் அழிப்பதும் ஒரு வரலாறுதான்.

எல்லா மாற்றத்தையும் நான் எதிர்க்கவில்லை. 6 வோல்ட் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவது அறிவுடைமை ஆகாது; 12 வோல்ட்டுக்கு மாற்றலாம். பழைய சிறு டிரம் பிரேக் இன்றைய போக்குவரத்துக்குப் போதாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நாளை வேறொருவர் இதைக் கழற்றி முன்போல் ஆக்க முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். சட்டத்தை அறுத்துப் பற்றவைப்பது, பின்பக்கக் குழாயை வெட்டுவது இவற்றை மீட்க வழியில்லை. கழற்றிய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாமல், எண்ணெய் தடவிப் பெயர் எழுதிச் சாக்கில் கட்டி வைப்பவரே எனக்கு நல்ல புதுப்பிப்பாளர்.

சட்டமும் இதே பக்கம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நிறம் மாற்றுவது போன்ற சிறு மாற்றங்களுக்கு இத்தடை இல்லை. வேறு எஞ்சின் மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தாள் இல்லாத எஞ்சினை வாங்கிப் பூட்டியவர், அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல நேரும்.

2021 சூலையில் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டி இதில் சேரும். புதிதாகப் பதிவோருக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மாநிலம் மெட்ராஸ் என்று இருந்த காலத்து ‘எம்’ எழுத்தில் தொடங்கும் பலகை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழமை வண்டி ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.

அதனால் 1972 வண்டியில் வாரந்தோறும் சந்தைக்குப் போய்வருபவர் இதில் சேர வேண்டியதில்லை. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குரிய ஐந்தாண்டுப் புதுப்பித்தலையே செய்துவரலாம். எண்கள் ஒத்து, டேங்கின் கைக்கோடு நின்று, ஆலையிலிருந்து வந்த கோலத்தில் உள்ள 1950களின் வண்டி வைத்திருப்பவர் தனி விதியின்கீழ் பதிவுசெய்து, சந்தைக்குப் போக வேறொரு வண்டி வாங்கிக்கொள்ளட்டும்.