பனிமலையும் இலவம்பஞ்சும்



மலையேற்ற வரலாற்றைப் படிப்போர் சிகரங்களின் உயரத்தையும் வீரர்களின் பெயர்களையும் நினைவில் வைப்பர். அவ்வீரர்கள் அணிந்த பூட்ஸைப் பற்றி எண்ணுவோர் சிலரே. வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1950 ஜூன் 3 அன்று மோரிஸ் எர்ஸோக், லூயி லாஷனால் என்னும் இரு பிரெஞ்சு வீரர்கள் நேபாளத்தின் அன்னபூர்ணா சிகரத்தை அடைந்தனர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரமொன்றில் மனிதர் ஏறியது அதுவே முதன்முறை. ஏறும்போதே லாஷனாலின் பாதங்கள் மரத்துப்போயின. திரும்பிவிடலாமா என்றும் எண்ணினார். எனினும் நண்பரைத் தனியே விட மனமின்றி உடன் சென்றார். தோல் பூட்ஸ் அந்தக் குளிரைத் தடுக்கவில்லை. இருவரும் கால்விரல்களை இழந்தனர். கையுறைகளைத் தவறவிட்ட எர்ஸோக் கைவிரல்களையும் இழந்தார்.

பூட்ஸ் தானாக வெப்பம் தருவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடல். அதைக் காப்பது, பூட்ஸினுள் அசையாது நிற்கும் காற்று. ஈரம் புகுந்தால் அக்காப்பு அழிந்துவிடும். அவ்வீரம் வெளியிலுள்ள பனியிலிருந்து மட்டும் வருவதன்று. நம் வியர்வையிலிருந்தும் வருவது.

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்திற்காக, இங்கிலாந்தின் காலணித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தார் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு புதிய பூட்ஸ் அமைத்தனர். மெல்லிய ஆட்டுத் தோலுக்கும் நீர்புகா உள்ளுறைக்கும் நடுவே ஏறக்குறைய ஓரங்குலத் தடிப்பில் அவர்கள் வைத்தது எது தெரியுமா? நம் தலையணைகளில் அடைக்கும் இலவம்பஞ்சுதான்! அதன் இழை உட்குழல் உடையது. காற்றைத் தன்னுள் அடக்கி வைப்பது. உள்ளுறையோ வியர்வை பஞ்சிற் சேராமல் தடுத்தது. ஒரு சோடியின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம்.

ஆயினும் கருவி மட்டும் போதாது. மே 28 இரவு, கடைசிக் கூடாரத்தில் ஹில்லாரி தம் பூட்ஸைக் கழற்றி வைத்தார். விடியலில் அவை கல்லாய் உறைந்திருந்தன. அடுப்பின் தீயில் காட்டி இளக்கிய பின்னரே அவற்றை அணிய முடிந்தது. டென்சிங்கோ பூட்ஸைக் கழற்றாமலே உறங்கியிருந்தார். அன்று முற்பகல் இருவரும் உச்சியை அடைந்தனர்.

உங்களிற் சிலர் இமயச் சாரலில் நடைப்பயணம் செல்லக்கூடும். பூட்ஸ் தேரும்போது தடித்த காலுறையை அணிந்துகொண்டே அளவு பாருங்கள்; விரல்கள் தாராளமாக அசைதல் வேண்டும். இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்; உள்ளிருக்கும் காற்றையும் நசுக்கிவிடும். மாற்றுக் காலுறையை நனையாமல் வைத்திருங்கள். விரல்கள் மரத்தால், உச்சி அருகிலிருப்பினும் திரும்பிவிடுங்கள். மலை மறு ஆண்டும் அங்கேயே நிற்கும். இழந்த விரல் மீண்டும் முளைப்பதில்லை.